டிஜிட்டல் ஃபிரேமில் படம் சரியாகத் தெரிய

பென் டிரைவில் போட்ட படங்களில் பாதி, போட்டோ காட்டும் டிஜிட்டல் ஃபிரேமில் வரவே இல்லையா? பெரும்பாலும் கோப்பு வகைதான் காரணம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 இயங்குதளம் முதல் ஐபோன்கள் படங்களை ஹெச்இஐசி வகையில் சேமிக்கின்றன. பல ஃபிரேம்களுக்கு ஜேபெக் மட்டுமே புரியும். கேமரா செட்டிங்ஸில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பவை ஜேபெக்காகவே சேமிக்கப்படும். பழையவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும்.

படம் படுத்துக்கொண்டு தெரிவது வேறு சிக்கல். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் படம் பெரும்பாலும் கிடைமட்டமாகவே பதிவாகிறது. ‘திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பு மட்டும் கோப்புக்குள் இருக்கும். பழைய ஃபிரேம்கள் அதைப் படிப்பதில்லை. கணினியில் ஒரு பட எடிட்டரில் திறந்து, நிமிர்ந்த நிலையிலேயே புதிய ஜேபெக்காகச் சேமியுங்கள். அப்போதே ஃபிரேமின் திரை அளவுக்கு, உதாரணமாக 1280 x 800, வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஃபிரேமே வெட்டும். குழுப் படத்தில் பின்வரிசையில் நிற்கும் தாத்தாவின் தலைதான் முதலில் போகும்! வெட்டுவதெல்லாம் நகலில் மட்டும். மூலப் படத்தைத் தொடவே தொடாதீர்கள்.

பென் டிரைவையே ஃபிரேம் கண்டுகொள்ளவில்லை என்றால், அதைக் கணினியில் ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் ஃபார்மேட் செய்து பாருங்கள். உள்ளே இருப்பது அழிந்துவிடும், முன்பே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.