பிராசசர் பின்களில் தெர்மல் பேஸ்ட் பட்டுவிட்டால் சுத்தம் செய்வது எப்படி?

பிராசசரின் சூட்டைத் தணிக்க அதன் மேல் பொருத்தியிருக்கும் கூலரைக் கழற்றும்போது பிராசசரும் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு மதர்போர்டில் அது அமரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவது, ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் கொண்ட கணினிகளில் அடிக்கடி நேர்வதுதான். இவ்வகைப் பிராசசரின் அடிப்பகுதியில் 1331 பின்கள் இருக்கின்றன. சாக்கெட் அந்தப் பின்களை மட்டுமே பற்றியிருக்கிறது, மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் எதுவும் கிடையாது. பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த இரண்டுக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் பழையதாகி இறுகிப் பசைபோல் ஆகிவிட்டால் அதன் பிடி சாக்கெட்டின் பிடியை வென்றுவிடுகிறது. கூலரிலிருந்து பிராசசரைப் பிரித்தெடுக்கும் பதற்றத்தில், விரலில் இருந்த பேஸ்ட் பின்களுக்கு நடுவே போய்விடுகிறது.

எனக்கு முதன்முறை இப்படி நேர்ந்தபோது, கையில் கிடைத்த டிஷ்யூ தாளால் துடைத்தேன். தாளின் இழை மாட்டி, மூலையிலிருந்த இரண்டு பின்கள் சாய்ந்துவிட்டன. ஆகவே, பேஸ்ட் பட்டதைப் பார்த்ததும் துடைக்காதீர்கள். பிராசசரை அதன் பின்கள் எதிலும் படாதவாறு தலைகீழாக வைத்துவிட்டு, முதலில் உங்கள் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

எந்தப் பேஸ்ட் என்று பாருங்கள்

சாம்பல் அல்லது வெள்ளை நிறத்தில் குழைவாக இருக்கும் வழக்கமான பேஸ்ட்டுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்தாதவை. அவற்றால் ஷார்ட் ஆகும் அச்சம் குறைவு. ஆனால் பின்னுக்கும் சாக்கெட்டின் தொடுமுனைக்கும் இடையில் படிந்து தொடர்பைத் தடுக்கக்கூடும் என்பதால் அகற்றத்தான் வேண்டும். பாதரசம்போல் பளபளக்கும் லிக்விட் மெட்டல் என்றால் கதையே வேறு. அது காலியம் கலந்த உலோகம், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒரு சிறு துளி மீந்திருந்தாலும் கணினியை இயக்கக் கூடாது. அதைப் பழகியவரிடம் ஒப்படைப்பதே நல்லது.

சுத்தம் செய்தல்

99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும், குழந்தைகளுக்கான மிக மென்மையான புதிய டூத்பிரஷ் ஒன்றும் போதும். எலக்ட்ரானிக்ஸ் பொருள்கள் விற்கும் கடைகளில் இந்த ஆல்கஹால் கிடைக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் தண்ணீர் மிகுதி, காயத் தாமதமாகும். சானிடைசரில் கிளிசரின் போன்றவை கலந்திருப்பதால் அதைத் தொடவே வேண்டாம். பஞ்சும் துணியும் பின்களில் சிக்கும் என்பதால் அவையும் கூடாது.

பிராசசரை இரு விளிம்புகளில் மட்டும் பிடித்து, பின்கள் தரையைப் பார்க்குமாறு சற்றே சாய்த்துக்கொள்ளுங்கள். பின்கள் மேல்நோக்கி இருந்தால் கரைந்த பேஸ்ட் அவற்றின் அடிவேரில் போய்த் தேங்கிவிடும். கீழ்நோக்கி இருந்தால் ஆல்கஹாலோடு சொட்டி விழுந்துவிடும். பிரஷ்ஷை ஆல்கஹாலில் நன்றாக நனைத்து, எடையே தெரியாத அளவுக்கு மென்மையாக, பின்வரிசையின் போக்கிலேயே ஒரே திசையில் இழுங்கள். வட்டமாகத் தேய்க்கவோ முன்னும் பின்னுமாக உரசவோ கூடாது. நான்கைந்து முறை இழுத்ததும் பிரஷ்ஷை அலசிவிட்டு, குறுக்கு வரிசையிலும் அவ்வாறே செய்யுங்கள். சொட்டும் ஆல்கஹாலில் சாம்பல் நிறம் முற்றிலும் மறையும்வரை பொறுமையாகத் தொடருங்கள்.

பிறகு, காற்றோட்டமான இடத்தில் அரை மணி நேரமாவது காயவிட்டு, பிராசசரைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பின்கள் கயிறு பிடித்து நட்ட நாற்றுபோல் நேர்வரிசையில் தெரிய வேண்டும். ஏதேனும் ஒன்று வரிசை தப்பியிருந்தால், ஈயக்குச்சி நீக்கிய மெக்கானிக்கல் பென்சிலின் முனைத் துளைக்குள் அந்தப் பின்னை நுழைத்து, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்துங்கள். ஒரே மூச்சில் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும்.

மீண்டும் பொருத்துதல்

சாக்கெட்டின் துளைகளிலும் பேஸ்ட் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நெம்புகோலை முழுவதும் உயர்த்துங்கள். பிராசசரின் மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணக் குறியோடு பொருத்தி வைத்தால், அது தன் எடையிலேயே உள்ளே இறங்கும். இறங்கவில்லையென்றால் அழுத்தாமல் எடுத்து, பின்களை மறுபடி பாருங்கள்.

இன்றைய இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களிலும், 2022இல் வந்த ஏஎம்5 வகையிலும் பின்கள் மதர்போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. பிராசசரின் அடியிலுள்ள தட்டையான தொடுபரப்பை ஆல்கஹாலால் எளிதாகத் துடைத்துவிடலாம். ஆனால் சாக்கெட்டுக்குள் இருப்பவை வளைந்த மெல்லிய கம்பிகள். அவற்றின் மேல் மேற்சொன்ன பிரஷ் முறையைப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்தமுறை ஏஎம்4 கூலரைக் கழற்றுவதற்கு முன், கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியதும், கணினியை அணைத்து மின்இணைப்பைத் துண்டித்து, கூலரின் பிடிப்புகளை விடுவித்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பின்னரே மேலே தூக்குங்கள்.

எல்லாம் பொருத்தி முடித்துக் கணினியை இயக்கியதும், முதலில் பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும்) திரைக்குச் சென்று ரேமின் மொத்த அளவு சரியாகக் காட்டப்படுகிறதா என்று பாருங்கள். இரண்டு ரேம்களில் ஒன்று மட்டுமே தெரிந்தால், ஏதோ ஒரு பின்னில் இன்னும் பேஸ்ட் ஒட்டியிருக்கலாம் அல்லது பின் வளைந்திருக்கலாம். பிராசசரை வெளியே எடுத்து மீண்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.