போர்ச் செய்தி வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்தில் எங்கள் தெருப் படிப்பகத்துக்குத் தினமும் நான்கைந்து நாளிதழ்கள் வரும். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தபோது அவை கைமாறிக்கொண்டே இருந்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில் காசாவில் போர் மூண்டதும் உக்ரைன் உள்பக்கத்துக்குப் போனது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அந்தச் சண்டை முடிந்துவிட்டதா, தம்பி?"

முடியவில்லை. செய்தி நின்றால் போரும் நின்றுவிட்டதாக நினைப்பதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. நகராத போர்முனையில் தினம் ஒரு புதிய தலைப்பு கிடைக்காது. நிருபரை அங்கேயே வைத்திருக்கவும் செலவாகும். எனவே செய்தி சுருங்குகிறது.

செய்தியின் அளவை வைத்துத் துயரத்தை எடைபோடுவதும் தவறு. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. மாண்டவர்கள் மிகச் சிலர். ஆனாலும் 'எம்டன்' தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. அதே போரில் கடல் கடந்து மாண்ட 74,000 இந்தியச் சிப்பாய்களை இங்கே யார் பேசுகிறோம்?

எல்லாவற்றிலும் ஆபத்தானது, முதலில் வந்த எண்ணையே மனத்தில் நிறுத்திக்கொள்வது. 2009-இல் வன்னியில் இறுதிப் போர் நடந்தபோது சுதந்திரமான பத்திரிகையாளர்களை இலங்கை அரசு உள்ளே விடவில்லை. ஐ.நா. ஊழியர்களையும் 2008 செப்டம்பரிலேயே வெளியேறச் சொல்லியிருந்தது. அப்படியும் ஐ.நா.வின் உள்ளூர்க் குழு, மே 13 வரை கொல்லப்பட்டவர்கள் 7,721 பேர் என்று கணக்கிட்டது. உயிரிழந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது 2011-இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. 70,000-க்கும் மேற்பட்டோர் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை என்ற தகவலை 2012-இல் ஐ.நா.வின் உள் ஆய்வு குறிப்பிட்டது. எனவே எந்த எண்ணைக் கண்டாலும் கேளுங்கள்: எண்ணியது யார், எந்தத் தேதி வரை, அவரால் உள்ளே போக முடிந்ததா?

திருத்தங்களையும் தேடிப் படிக்க வேண்டும். ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றிய தன் செய்திகள் சிலவற்றில் போதிய கண்டிப்பு இல்லை என்று நியூயார்க் டைம்ஸ் 2004 மே 26 அன்று ஒப்புக்கொண்டது. முதல் பக்கத்தில் வந்த செய்திகளுக்கான அந்தக் குறிப்பு, பத்தாம் பக்கத்தில் வந்தது.

சொற்களும் தேய்கின்றன. முதல் மாதம் 'கொல்லப்பட்டனர்', பிறகு 'உயிரிழந்தனர்', அப்புறம் 'மேலும் சிலர் பலி'. சுட்டவன் வாக்கியத்தை விட்டே போய்விடுகிறான்.

மாதக் கடைசியில் படிப்பகத்துப் பழைய நாளிதழ்களை எடைக்குப் போடுவோம். போர் தொடங்கிய வாரத்து இதழ்களை மட்டும் இப்போது தனியே கட்டி வைக்கிறேன்; பின்னால் வருவதோடு ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.