வெளிநாட்டில் இருந்து அம்மாவின் பட்டன் போனுக்குக் குறைந்த செலவில் பேசுவது எப்படி?

அம்மா திருமங்கலத்தில் தனியாக இருக்கிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. சிங்கப்பூரில் ஆறு வாரம் தங்கி வேலை பார்க்க வேண்டும் என்றதும் எனக்கு வந்த முதல் கவலை இதுதான். தினமும் இரவு அம்மாவிடம் பத்து நிமிடம் பேச வேண்டும். அவர் கையில் இருக்கும் போனுக்கே அழைப்பு போக வேண்டும், என் எண்தான் அவர் திரையில் தெரிய வேண்டும். தெரியாத எண் என்றால் எடுக்கவே மாட்டார்.

"வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ள வேண்டியதுதானே" என்று எல்லோரும் சொன்னார்கள். எதிர்முனையில் இருப்பவரிடமும் வாட்ஸ்அப் இருந்தால் அது போதும், இந்தப் பதிவே உங்களுக்குத் தேவையில்லை. சாதாரண போனுக்கும் வீட்டு லேண்ட்லைனுக்கும் பேச வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வழி வைஃபை காலிங். இதற்குத் தனிச் செயலி வேண்டாம், போனிலேயே இருக்கும் வசதி. இந்தியாவில் 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் இதைக் கொண்டுவந்தன. போன், வைஃபை வழியாக இணையத்தில் ஒரு பூட்டிய குழாய் போட்டு, இந்தியாவில் இருக்கும் உங்கள் சிம் நிறுவனத்தின் வாசலில் போய் நிற்கிறது. நீங்கள் சிங்கப்பூரில் இருந்தாலும் அழைப்பு அந்த வாசல் வழியாகத்தான் ஊருக்குள் போகிறது. வெளிநாட்டு டவருக்கு இதில் வேலையே இல்லை. செலவு குறைவது அதனால்தான்.

கிளம்புவதற்கு முன்பு, ஊரிலேயே

போன் செட்டிங்ஸில் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் "வைஃபை காலிங்" என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் அது ஒவ்வோர் இடத்தில் ஒளிந்திருக்கும், தேடிப் பிடிப்பதே சுலபம். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் மொபைல் சர்வீஸ் போனால் இருக்கும். இரண்டு சிம் என்றால் எந்த சிம்முக்கு ஆன் செய்கிறீர்கள் என்று பார்த்துச் செய்யுங்கள்.

ஆன் செய்துவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து ஃப்ளைட் மோட் போடுங்கள், வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள், ஒரு நிமிடம் பொறுங்கள். அப்புறம் யாருக்காவது போன் செய்து பாருங்கள். அவரையும் உங்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள். இரண்டும் நடந்தால் போனும் சிம்மும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். பிறகு வெளிநாட்டில் வேலை செய்யவில்லை என்றால் முதலில் அந்த ஊர் வைஃபையைச் சந்தேகிக்கலாம். இந்த ஒரு சோதனை பின்னால் எனக்கு எத்தனையோ மணிநேரக் குழப்பத்தை மிச்சப்படுத்தியது.

அடுத்தது கட்டணம். வெளிநாட்டு வைஃபையில் இருந்து இந்திய எண்ணுக்குப் பேசினால் எப்படிக் கணக்கு போடுவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. சிலர் ஊரில் இருந்து பேசுவதாகவே எடுத்துக்கொள்வார்கள். சிலர் ரோமிங் பேக் (நம் சிம்மை வெளிநாட்டு நெட்வொர்க்கில் பயன்படுத்தப் போடும் பேக்) போட்டிருக்க வேண்டும் என்பார்கள், நிமிடக் கணக்கும் வைத்திருப்பார்கள். நண்பர் சொன்னார், யூடியூபில் பார்த்தேன் என்று நம்பிப் போகாதீர்கள். நிறுவனத்தின் செயலியில் இருக்கும் சாட்டில் நாட்டின் பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கால்சென்டரில் வாயால் சொன்னதற்குப் பின்னால் ஆதாரம் இருக்காது. நான் எப்போதும் சாட்டில்தான் கேட்பேன்.

இன்னொன்று, ##002# என்று டயல் செய்து கால் ஃபார்வர்டிங் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். "எடுக்காவிட்டால் இன்னோர் எண்ணுக்குப் போ" என்று நாம் எப்போதோ வைத்திருப்போம், மறந்தும் போயிருப்போம். ரோமிங்கில் இருக்கும்போது அப்படித் திரும்பும் அழைப்பு, இந்தியாவில் இருந்து வெளிநாட்டுக்கு வந்து மறுபடியும் இந்தியாவுக்கே போகக்கூடும். நீங்கள் போனை எடுக்காமலே கணக்கு ஏறும்.

எனக்குப் பணம் போன இடம்: ஃப்ளைட் மோட்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிங்கப்பூரில் முதல் நாலு நாளும் ஹோட்டல் அறையில் வைஃபை ஆனில் இருந்தது, வைஃபை காலிங்கும் ஆனில் இருந்தது. இரவு அம்மாவிடம் பேசினேன், குரல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் பில் தொகை வரம்பைத் தாண்டுகிறது என்று எஸ்எம்எஸ் வந்தது. நாலு நாளும் பேசியது வைஃபையில் அல்ல. போன் அங்கிருந்த மொபைல் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகவே அழைத்திருக்கிறது.

காரணத்தைத் தேடியபோது புரிந்தது. வைஃபை காலிங் ஆனில் இருந்தால் வைஃபையில்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, டவர் சிக்னல் நன்றாக இருந்தால் போன் அதையே தேர்ந்தெடுக்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் வைஃபைக்கு முன்னுரிமையா, மொபைல் நெட்வொர்க்குக்கு முன்னுரிமையா என்று கேட்கும் ஓர் அமைப்பு உண்டு. சில போன்களில் அதற்குக் கீழே ரோமிங்கில் இருக்கும்போது எதற்கு முன்னுரிமை என்று இன்னொரு வரி தனியாக இருக்கிறது. நான் மேலே உள்ளதை வைஃபை என்று மாற்றியிருந்தேன். கீழே உள்ளதைப் பார்க்கவே இல்லை.

இரண்டையும் வைஃபைக்கு மாற்றுங்கள். ஆனாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். நான் இப்போது செய்யும் வரிசை இது:

1. முதலில் ஃப்ளைட் மோட் ஆன். வெளிநாட்டு டவரோடு போனுக்கு இருக்கும் தொடர்பு அறுந்துவிடும்.
2. ஃப்ளைட் மோட் போட்டதும் பல போன்களில் வைஃபையும் ப்ளூடூத்தும் சேர்ந்து அணையும். வைஃபையை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள், ஹெட்செட் வேண்டுமானால் ப்ளூடூத்தையும்.
3. ஒரு நிமிடம் காத்திருங்கள். மேலே சிக்னல் இருக்கும் இடத்தில் வைஃபை காலிங் அடையாளமோ, நிறுவனப் பெயருடன் வைஃபை என்ற எழுத்தோ வர வேண்டும்.
4. அது வந்த பிறகுதான் டயல் செய்ய வேண்டும். வராவிட்டால் டயல் செய்யாதீர்கள்.

ஃப்ளைட் மோடில் இருக்கும்போது வைஃபை போனால் அழைப்பு அறுந்துவிடும், அவ்வளவுதான். ஃப்ளைட் மோட் இல்லாமல் பேசிக்கொண்டே லிஃப்ட்டில் இறங்கினால், அழைப்பு அறுபடாமல் அப்படியே ரோமிங்குக்கு நழுவக்கூடும். அறுந்து போவதே நமக்கு நல்லது.

எண்களை +91 சேர்த்தே சேமித்து வையுங்கள். லேண்ட்லைன் என்றால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும். மதுரை 0452 என்பது +91 452 ஆகும், சென்னை 044 என்பது +91 44.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். இந்திய சிம்மின் வைஃபை காலிங்கில் இருந்து சிங்கப்பூர் கடைக்கோ டாக்ஸிக்கோ போன் செய்தால், பக்கத்துத் தெருவாக இருந்தாலும் ஐஎஸ்டி கட்டணம் விழலாம். ஏனென்றால் உங்கள் அழைப்பு கிளம்பும் வாசல் இந்தியாவில் இருக்கிறது. உள்ளூர்ப் பேச்சுக்கு உள்ளூர் சிம்தான் சரி.

அடையாளம் வரவே இல்லை என்றால்

முதலில் ஹோட்டல் வைஃபையின் லாகின் பக்கத்தைப் பாருங்கள். அறை எண், பெயர் எல்லாம் கொடுத்தால்தான் இணையம் திறக்கும். அந்தப் பக்கமே வரவில்லை என்றால், இணையத்தை வேறு ஊர் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலி ஏதாவது ஓடினால் அதை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் "ப்ரைவேட் டிஎன்எஸ்" என்று ஓர் அமைப்பு இருக்கும், விளம்பரங்களைத் தடுக்க அதில் ஏதாவது போட்டிருந்தால் ஆட்டோமேட்டிக் என்று மாற்றுங்கள். அப்புறம் ப்ரௌசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் திறந்து பாருங்கள். இந்த மாதிரி லாகின் பக்கங்களை வெளியே இழுப்பதற்காகவே இருக்கும் தளம் அது. எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

லாகின் ஆகிவிட்டது, வாட்ஸ்அப் ஓடுகிறது, ஆனாலும் வைஃபை காலிங் அடையாளம் மட்டும் வரவில்லையா? அந்த வைஃபை வழியை அடைத்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். வைஃபை காலிங்கின் குழாய் யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகள் (இணையத்தில் தகவல் போய்வரும் எண்ணிட்ட வழிகள்) வழியாகப் போகிறது. சில அலுவலகங்களும் ஹோட்டல்களும் இவற்றை மூடிவிடுகின்றன. உறுதி செய்ய, பக்கத்தில் இருப்பவரின் போனில் ஹாட்ஸ்பாட் வாங்கிப் பாருங்கள். அதில் உடனே அடையாளம் வந்தால் பிரச்சினை ஹோட்டல் வைஃபையில்தான். வரவேற்பு மேசையில் விளக்கிப் புரியவைக்க நான் ஒரு மாலை முழுக்கச் செலவழித்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி ஒரு பழைய போன். வீட்டு அலமாரியில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டைக் கொண்டுபோய், அதில் உள்ளூர் டேட்டா சிம் போட்டு, ஹாட்ஸ்பாட் ஆன் செய்துவிடுவேன். என் இந்திய எண் இருக்கும் போன் ஃப்ளைட் மோடில், அந்த ஹாட்ஸ்பாட்டைப் பிடித்துக்கொள்ளும். வைஃபை காலிங்குக்கு ஒரு நிமிடத்துக்கு ஒரு எம்பியைச் சுற்றித்தான் டேட்டா ஆகும், அதனால் சின்ன டேட்டா பேக்கே போதும். விமான நிலையங்களில் வாடகைக்குத் தரும் பாக்கெட் வைஃபையைவிட இதுவே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். திருப்பிக் கொடுக்கும் அலைச்சல் இல்லை, உள்ளூர் எண்ணும் கையில் இருக்கும். ஒரே போனில் இரண்டாவது சிம்மின் டேட்டா வழியாக முதல் சிம்மின் வைஃபை காலிங்கை ஓட்டும் வசதி சில புதிய போன்களில் இருக்கிறது. இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் மேலே சொன்ன அடையாளத்தைப் பார்த்த பிறகுதான் டயல் செய்ய வேண்டும்.

அதுவும் இல்லை என்றால்

சிம் நிறுவனம் வெளிநாட்டில் வைஃபை காலிங் தரவில்லை, ஆனால் பட்டன் போனுக்குத்தான் பேச வேண்டும் என்றால், வைபர் அவுட் மாதிரி முன்பணம் கட்டும் செயலிகள் இருக்கின்றன. இணையத்தில் கிளம்பி சாதாரண எண்ணில் போய் மணி அடிக்கும். முதலில் சின்னத் தொகை போட்டுச் சோதியுங்கள். ஸ்கைப் நினைவுக்கு வருகிறவர்கள் கவனிக்க, அது 2025 மே 5 அன்று மூடப்பட்டுவிட்டது. கூகுள் வாய்ஸ் தொடங்க அமெரிக்க எண் வேண்டும், நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவராது.

இதில் ஒரு சிக்கல், எதிர்முனையில் வேறு ஏதோ எண் தெரியலாம். அதனால் நேரத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அம்மாவுக்கும் இந்திய நேரம் ஏழரை மணி, சிங்கப்பூரில் அப்போது இரவு பத்து. அந்த நேரத்தில் எந்த எண்ணில் இருந்து வந்தாலும் எடுங்கள் அம்மா என்று சொல்லி வைத்திருந்தேன். வேறு நேரத்தில் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன், மோசடி அழைப்புகள் பெருகிவிட்ட காலம் இது.

அவசர உதவிக்கு மட்டும் வைஃபை காலிங்கை நம்பாதீர்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அதில் சரியாகப் போய்ச் சேராது. ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு உள்ளூர் நெட்வொர்க்கில் அழையுங்கள். சிங்கப்பூரில் காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995.

பின்சேர்க்கை 1: துபாயில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "வாட்ஸ்அப் மெசேஜ் போகிறது, கால் மட்டும் போகவில்லை" என்று எழுதியிருந்தார். போனில் குறை இல்லை தம்பி. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்கு அனுமதி இல்லை. போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற செயலிகள் இருக்கின்றன, வீட்டில் இருப்பவர் போனிலும் அதைப் போட்டு வையுங்கள். குரல் பதிவுகளை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பலாம். விபிஎன் போட்டுச் சமாளிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அங்கே சட்டம் கடுமையானது, அந்த ஆலோசனையை நான் யாருக்கும் தர மாட்டேன்.

சீனா போகிறவர்களுக்கு இதைவிடச் சிரமம். அங்கே வைஃபையில் வாட்ஸ்அப் திறக்காது. அங்கே ஓடும் வீசாட் என்ற அரட்டைச் செயலியை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. இந்திய சிம்மின் ரோமிங் டேட்டா நம் நிறுவனம் வழியாகவே வருவதால் வாட்ஸ்அப் அதில் திறக்கும். சீனாவுக்கு மட்டும் ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போவதே நல்லது.

பின்சேர்க்கை 2: உள்ளூர் சிம் போட்டதும் வாட்ஸ்அப் "எண்ணை மாற்றவா?" என்று கேட்டதாம், ஒருவர் மாற்றிவிட்டார். மாற்ற வேண்டாம். பழைய இந்திய எண்ணிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை 3: அதிகம் பேர் கேட்டது வங்கி ஓடிபி பற்றி. வைஃபை காலிங் இணைந்திருக்கும்போது பல போன்களில் எஸ்எம்எஸ்ஸும் அதன் வழியாகவே வந்துவிடும், எனக்கு வந்தது. வராவிட்டால் டேட்டா ரோமிங் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஃப்ளைட் மோடை இரண்டு நிமிடம் எடுங்கள். ஓடிபி வந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் யாராவது அழைத்தால் எடுக்காதீர்கள். ஆனால் இது நடக்க வேண்டுமானால் சிம்மில் சர்வதேச ரோமிங் முன்பே திறந்திருக்க வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு திறக்கப் பார்த்தால், அதற்கே ஓர் ஓடிபி கேட்டு அந்த எண்ணுக்குத்தான் அனுப்புவார்கள். ஒருவர் அப்படித்தான் மூன்று நாள் மாட்டிக்கொண்டார். விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே செயலியில் பார்த்துவிடுங்கள்.