முதலில் விரிவுரையாளர் முழிக்கட்டும்

திறந்த மூலத் திட்டங்களுக்கு, அதாவது மூல நிரலை யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருள்களுக்கு, மாணவர்களைத் திருத்தம் அனுப்ப வைப்பது எப்படி என்று பினாங்கில் கணினி விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது முதல் நாள் நான் பாடமே எடுப்பதில்லை. ஏதாவது ஒரு திறந்த மூலத் திட்டத்தைக் காட்டி, "இதை உங்கள் மடிக்கணினியில் ஓட வையுங்கள்" என்று விட்டுவிடுவேன். இருபது வருடம் ஜாவா சொல்லிக்கொடுத்தவரும் திருதிருவென்று முழிப்பார். செமஸ்டர் தொடங்கியதும் மாணவர்கள் முழிக்கப்போவதும் இப்படித்தான். அதை முதலில் அவர் அனுபவிக்க வேண்டும்.

திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் நான் பட்டது போதும். தமிழிலும் கிடைக்கிறதே என்று முதல் வகுப்புக்கு லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை எடுத்தேன். பில்ட் (மூல நிரலை ஓடும் மென்பொருளாக்குவது) போட்டுவிட்டு லெபோ பசார் தெருவில் வாழையிலைச் சாப்பாடு, தே தாரே (இழுத்து ஆற்றிய பால் டீ) எல்லாம் முடித்துத் திரும்பினால், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! நம் லேப் நேரமோ இரண்டு மணி. அரை மணிக்குள் பில்ட் ஆகிற சின்னத் திட்டமாகப் பாருங்கள். போன மாதம் வந்த புல் ரிக்வெஸ்ட்டுகளுக்கு (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகளுக்கு) யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பதில் இல்லையென்றால் வேண்டாம்.

அப்புறம், நீங்களே ஒரு திருத்தம் அனுப்புங்கள். நான் அனுப்பியது நிறுவும் குறிப்பில் விடுபட்டிருந்த ஒரே ஒரு வரி. மூன்று நாள் கழித்து, "கமிட் செய்தியின் முதல் வரி நீளம், சுருக்குங்கள்" என்று திருப்பிவிட்டார்கள். கமிட் செய்தி என்பது பதிவு செய்யும் மாற்றத்தோடு நாம் எழுதும் குறிப்பு. ரோஷம் வந்தது, மறைக்கவில்லை. ராத்திரி கிட் என்ற கருவியில் கமிட்டை 'அமெண்ட்' போட்டு, அதாவது கடைசியாகப் பதிந்ததையே மாற்றி, திருத்தி அனுப்பினேன். அந்த உரையாடலை இன்றும் திரையில் போட்டு, கோபத்தில் நான் எழுதி அழித்த பதிலையும் சொல்வேன். மாணவர்கள் சிரிப்பார்கள், தங்களுக்குத் திரும்பி வரும்போது மிரள மாட்டார்கள்.

திருத்தம் ஏற்கப்பட்டால்தான் மதிப்பெண் என்று வைக்காதீர்கள். இங்கே மதியம் 3 மணி என்றால் நியூயார்க்கில் நடுராத்திரி தாண்டியிருக்கும். அங்கே இருந்து திட்டத்தைப் பராமரிப்பவர் எழுந்து பார்க்க வேண்டாமா? வழுவை (மென்பொருள் பிழையை) மாணவன் தானே மீண்டும் வரவழைத்துக் காட்டினானா, கேள்வியைத் தெளிவாகக் கேட்டானா, விமர்சனத்துக்கு எப்படிப் பதில் எழுதினான், இவற்றுக்குக் கொடுங்கள்.

முப்பது பேரையும் ஒரே திட்டத்தில் இறக்கிவிடுவதும் ஆபத்து. திருத்தம் அனுப்புவோருக்கு டீ-ஷர்ட் தந்த அக்டோபர் மாத நிகழ்வான ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், 2020இல் அந்த டீ-ஷர்ட்டுக்காகக் குப்பைத் திருத்தங்கள் வந்து குவிந்ததில், சம்மதம் சொன்ன திட்டங்கள் மட்டும்தான் என்று நடுவிலேயே விதியை மாற்றினார்கள். அதனால் செமஸ்டருக்கு ஒரு மாதம் முன்பே பராமரிப்பவருக்கு எழுதிவிடுங்கள்: எத்தனை மாணவர்கள், எந்த வாரம் வருவார்கள், தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வது. கடைசியில் உங்கள் பெயரைப் போடுங்கள், துறையின் பெயரை அல்ல.