முன்கதைத் தொடரைத் திட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று மோட்டார் கொட்டகையில் காத்துக்கிடந்த ராத்திரிகளில்தான் நானும் சித்தப்பா மகனும் ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கப்பல் கதைத் தொடர்களைப் பார்த்தோம். நெல் மூட்டையில் செல்போனைச் சாய்த்து வைத்தால் ஒரு எபிசோடு ஓடும். பாதியில் கரண்ட் வந்தால் எழுந்து மோட்டாரைப் போட்டுவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்து வந்து தொடர்வோம். 1966இல் தொடங்கிய முதல் தொடருக்கு முன்னால் நடந்ததைச் சொல்லும் முன்கதையான 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' ஆரம்பித்த அன்று அவன் சொன்னான்: "அண்ணே, இந்த கேப்டன் பைக்குக்கு என்ன ஆகும்னு 1966லயே காட்டிட்டாங்க. அப்புறம் இதுல என்ன இருக்கு?"

முன்கதை என்றாலே ரசிகர்கள் செய்யும் முதல் தவறு இது. 1966 கதையில் பைக் விபத்தில் உருக்குலைந்து நாற்காலியில் கிடப்பார். பேச்சு கிடையாது. விளக்கு ஒருமுறை எரிந்தால் ஆமாம், இருமுறை எரிந்தால் இல்லை. 2019இல் அதே வரிசையில் வந்த 'டிஸ்கவரி' தொடரின் இரண்டாவது சீசனில் அந்த எதிர்காலத்தைப் பைக்கே பார்த்துவிடுகிறார். 2022இல் வந்த புதிய தொடர் அங்கிருந்துதான் கிளம்புகிறது. தனக்கு என்ன நடக்கும் என்று தெரிந்த மனிதர் கூட வேலை செய்பவர்களுக்குச் சமைத்துப் போடுகிறார்; அந்த விபத்தில் தான் காப்பாற்றப்போகும் பிள்ளைகளின் பெயர்களை மனப்பாடமாக வைத்திருக்கிறார். முடிவு தெரியாவிட்டால் இந்தக் காட்சிகளுக்கு உயிரே இல்லை.

தஞ்சாவூர் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் போடுவார்கள். இரணியன் சாவான் என்று தெரியாத குழந்தைகூட அங்கே இருக்காது. பாட்டோ தெலுங்கு. இருந்தாலும் தூணிலிருந்து நரசிம்மர் வரும் நேரம் நெருங்க நெருங்க, தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். என்ன நடக்கும் என்பதற்காக யாரும் அங்கே போவதில்லை. இந்த வருஷம் எப்படி நடக்கும் என்று பார்க்கப் போகிறோம். தம்பியிடம் இதைச் சொன்னேன். "சரி, அடுத்ததைப் போடுங்க" என்றான்.

அடுத்த தவறு, முரண்களை எண்ணுவது. கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனம் 1967இல் முதன்முதலாக வந்தபோது நெற்றி நம்மைப் போலத்தான் இருந்தது. 1979இல் வந்த திரைப்படத்தில் எலும்பு மேடு முளைத்துவிட்டது. காரணம் காசும் ஒப்பனை வசதியும்தான். 1996இல் வந்த ஒரு எபிசோடில் இதைப் பற்றி வோர்ஃப் என்ற கிளிங்கானிடம் கேட்டால், வெளியாட்களிடம் நாங்கள் இதைப் பேசுவதில்லை என்று முடித்துவிடுவார். 2005இல் 'எண்டர்பிரைஸ்' என்ற இன்னொரு முன்கதைத் தொடர் இரண்டு எபிசோடு செலவழித்து, மரபணுச் சோதனையில் உண்டான வைரஸ் என்று காரணம் சொன்னது. எனக்கு வோர்ஃபின் பதிலே போதும். ஆனால் கோர்ன் என்ற பல்லி போன்ற வேற்றுக்கிரக இனத்தின் விஷயம் வேறு. 1967 கதையில் அது முன்பின் தெரியாத இனம். அப்படிப்பட்ட எதிரியைக் கொல்லாமல் விடுகிறார் என்பதில்தான் முதல் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க்கின் பெருமை. புதிய தொடர் அதற்குச் சில வருஷம் முன்பே கோர்னைக் கொடூர வேட்டை மிருகமாகக் காட்டிவிட்டதால் பழைய கதையின் நெஞ்சிலேயே கை வைக்கிறது. நெற்றி மாறினால் விட்டுவிடலாம், இதை விடக்கூடாது.

மூன்றாவது தவறை நானே செய்தேன். 2001இல் தொடங்கிய 'எண்டர்பிரைஸ்', கிர்க் காலத்துக்கு நூறு வருஷம் முந்தைய கதை. அதில் வல்கன்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தார் பொய் சொல்கிறார்கள், மனிதர்களை மட்டம் தட்டுகிறார்கள். கிர்க்கின் நேர்மையான தோழன் ஸ்பாக்கின் இனமா இது என்று கோபம் வந்து முதல் சீசனிலேயே நிறுத்திவிட்டேன். பல வருஷம் கழித்து நான்காவது சீசன் பார்த்தபோதுதான் புரிந்தது: சுராக் என்ற ஞானியின் போதனையிலிருந்து அவர்கள் விலகிப்போயிருந்தார்கள், தொலைந்த அவருடைய எழுத்து திரும்பக் கிடைக்கிறது, சமூகமே தடம் மாறுகிறது. நான் குற்றம் என்று நினைத்ததைக் கதையாகவே மாற்றிவிட்டார்கள். ஆனால் அதற்குள் பார்க்கிற கூட்டம் குறைந்து, 98 எபிசோடோடு 2005இல் தொடர் நின்றுபோனது. இன்றும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

எழுதியவர்கள் மேல் உள்ள கோபத்தை நடிப்பவர்கள் மேல் காட்டுவதும் தவறுதான். வசனம் பிடிக்கவில்லை என்றால் வசனத்தைச் சொல்லுங்கள், நடிகையின் முகத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

எல்லாக் கோபமும் தவறு என்று நான் சொல்லவில்லை. 'எண்டர்பிரைஸ்' தொடரின் கடைசி எபிசோடை, வேறொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் ரைக்கர் என்ற அதிகாரி ஓட்டிப் பார்க்கும் பழைய நிகழ்வாக எடுத்தார்கள். நான்கு வருஷம் கூடவே வந்த மாலுமிகள் தங்கள் சொந்த வீட்டு விசேஷத்தில் விருந்தாளி ஆகிவிட்டார்கள். கப்பலின் இன்ஜினியர் டிரிப் டக்கரின் சாவும் அவசரமாக முடிந்துவிடுகிறது. இதற்கு ரசிகர்கள் கோபப்பட்டது நூற்றுக்கு நூறு நியாயம். தம்பிக்கு நான் அதைப் போட்டுக் காட்டவில்லை. அதற்கு முந்தைய எபிசோடு முடிந்ததும் போனை அணைத்தேன். அன்றைக்குக் கரண்டும் சரியாக அப்போது வந்தது.