டென்ஸ் வைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

முதுகுவலி, மூட்டுவலி என்று பிசியோதெரபிக்குப் போனவர்களுக்குக் 'கரண்ட் வைப்பது' பழகிய விஷயம். தோலில் பேட் ஒட்டி, சிறு மின்துடிப்புகளால் நரம்பைத் தூண்டும் டென்ஸ் கருவியை இப்போது பலரும் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

அளவைக் கூட்டினால் வலி சீக்கிரம் போகும் என்று நினைக்காதீர்கள். விறுவிறுப்பு நன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் வலிக்கக்கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. எதுவும் தெரியவில்லையே என்று கூட்டிக்கொண்டே போவார்கள், தோல் வெந்துபோகும். பேட் ஒட்டுமுன் கூர்மையும் மழுங்கலும் பிரித்துத் தெரிகிறதா என்று பார்க்க தெரபிஸ்ட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைத் தவிர்ப்பதற்கு நியாயமே இல்லை.

கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் கூடவே கூடாது. அங்குள்ள கரோட்டிட் சைனஸ் (கழுத்துத் தமனியில் ரத்த அழுத்தத்தை உணரும் பகுதி) தூண்டப்பட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். கண்மேல், நெஞ்சுக்குக் குறுக்கே, புண்மேல், புற்றுக்கட்டி இருக்கும் இடத்தில், கர்ப்பிணியின் வயிற்றில் வைக்காதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வண்டி ஓட்டும்போதும், குளிக்கும்போதும், தூங்கும்போதும் போடாதீர்கள். அப்புறம், பேட்டைக் கழற்றுமுன் கருவியை அணைத்துவிடுங்கள்.

தெரபிஸ்ட்டுகள் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: உடலுக்குள் ஏதாவது கருவி பொருத்தியிருக்கிறார்களா? பார்க்கின்சன் நோய்க்கு மூளையில் தூண்டுகருவி வைத்தவர்கள், வலிக்காகத் தண்டுவடத்தில் வைத்தவர்கள், வலிப்புக்காக வேகஸ் நரம்பில் வைத்தவர்கள், இவர்கள் யாருக்கும் ஷார்ட்வேவ் டயதெர்மி, அதாவது மின்காந்த அலைகளால் உடலின் ஆழத்தில் சூடு உண்டாக்கும் பிசியோதெரபி சிகிச்சை, கொடுக்கவே கூடாது. டயதெர்மியின் ஆற்றல் உள்ளே இருக்கும் கம்பி வழியாகப் போய், அதன் நுனியில் இருக்கும் திசுவைச் சுட்டுவிடும். மூளைத் தூண்டுகருவி வைத்திருந்த இரண்டு பேர் டயதெர்மிக்குப் பிறகு இறந்ததை 2002-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கையாகவே வெளியிட்டது. அவர்களில் ஒருவருக்கு வாய் அறுவைசிகிச்சைக்குப் பின் டயதெர்மி கொடுத்திருந்தார்கள். அதாவது சிகிச்சை நடந்த இடம் கருவி இருந்த இடமே அல்ல. கருவியை அணைத்து வைத்தாலும் இந்த ஆபத்து குறையாது.

"அதை எப்பவோ எடுத்தாச்சு" என்று நோயாளி சொன்னாலும் சரி என்று விட்டுவிடாதீர்கள். பேட்டரிப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கம்பியை உள்ளேயே விட்டிருக்கலாம். அறுவைசிகிச்சைக் குறிப்பையோ எக்ஸ்ரேயையோ பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.