வெளி ஸ்டேட்டுக்கு வேட்டைக்குப் போறீங்களா: டென்ட்டா மோட்டலா, எப்படி முடிவு பண்றது

அமெரிக்காவுல ஒரு ஸ்டேட்ல இருந்து இன்னொரு ஸ்டேட்டுக்கு வேட்டைக்குக் கிளம்புறவங்க டேக், அதாவது ஒரு மிருகத்தை வேட்டையாட ஸ்டேட் குடுக்கிற அனுமதிச் சீட்டு, கையில வந்ததும் முதல்ல போடுறது பணக்கணக்குதான், மோட்டல்னா ராத்திரிக்கு இவ்வளவு ஆகும், டென்ட்னா ஓசி, அப்போ டென்ட்டே போதும்னு. அந்தக் கணக்கைக் கொஞ்சம் ஓரமா வைங்க. முதல்ல பார்க்க வேண்டியது, விடியுற நேரத்துல நீங்க எங்க உக்காந்திருக்கணும், அங்க இருந்து உங்க படுக்கை எவ்வளவு தூரம்ங்கிறதுதான். அடுத்தது கறி, அதுக்கப்புறம் வானிலை. பணம் இதுக்கெல்லாம் பின்னாடிதான் வரும்.

கொலராடோவுல எல்க்ங்கிற பெரிய மான் வேட்டையை எடுத்துக்கோங்க. வடமேற்கு மூலையில க்ரெய்க், மீக்கர் பக்கம், அக்டோபர் கடைசில வர்ற ரைஃபிள் சீசன். அந்த வாரத்துல சூரியன் வர்றது காலைல ஏழரை சுமாருக்கு, சட்டப்படி அதுக்கு அரை மணி முன்னாடியே சுடலாம், அதாவது ஏழு மணி. எல்க் ராத்திரி முழுக்க திறந்த புல்வெளில மேஞ்சுட்டு வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்துல அடர்ந்த மரத்துக்குள்ள போயிடும், அதனால ஆறரைக்கெல்லாம் மூச்சு வாங்குறது நின்னு, வேர்வை ஆறி, சத்தமில்லாம உக்காந்திருக்கணும். ரோட்டுல இருந்து அங்க இருட்டுல ஏற ஒரு மணி நேரம், அப்போ வண்டியை நிறுத்துறது அஞ்சரை. மோட்டல் டவுனுக்குள்ள, மண் ரோடும் சேர்த்து ஒண்ணேகால் மணி நேரம்னா கிளம்புறது நாலேகால், எழுந்திரிக்கிறது மூணரை. சாயங்காலம் ஆறேகால் வாக்குல சூரியன் மறையும், ஆறேமுக்கால் வரைக்கும் காத்திருந்துட்டு இறங்கி வண்டிக்கு வர எட்டு, ரூமுக்கு வர ஒன்பதேகால், சாப்பிட்டு ஈரத்துணியைக் காயப்போட்டுப் படுக்க பத்தரை ஆயிடும். ஆக அஞ்சு மணி நேரத் தூக்கம், அதுவும் பகல் முழுக்க 9,000 அடி உயரத்துல ஏறி இறங்குன உடம்புக்கு. ஒரு நாள் தாங்கும், ரெண்டு நாள் தாங்கும், மூணாவது நாள் அலாரத்தை அமுக்கிட்டுப் புரண்டு படுக்கத்தான் தோணும், அன்னிக்குக் காலை வேட்டை அவ்வளவுதான்.

ஏறுற இடத்துலயே டென்ட் போட்டிருந்தா நாலேமுக்காலுக்கு எழுந்தா போதும், ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துடலாம். ஒரு நாளைக்கு ரெண்டரை மணி நேரத்துக்கு மேல தூக்கம் மிச்சம். டென்ட்டோட உண்மையான லாபம் இதுதான், காசு இல்ல. விறகு அடுப்பு வைக்கிற கேன்வாஸ் வால் டென்ட், அடுப்பு, கட்டில், நல்ல ஸ்லீப்பிங் பேக் எல்லாம் புதுசா வாங்கினா சுலபமா 1,500 டாலரைத் தாண்டிடும், அந்தக் காசுக்கு மோட்டல்ல எத்தனை ராத்திரி தங்கலாம்னு நீங்களே பார்த்துக்கோங்க.

இதையே அப்படியே திருப்பிப் பாருங்க. சவுத் டகோடாவுல ஃபெசன்ட் பறவை வேட்டை, சுட ஆரம்பிக்கிறதே காலைல 10 மணிக்கு, சென்ட்ரல் டைம்படி. ஹூரான், மிட்செல், வின்னர் மாதிரி ஊர்ல தங்கி, நிதானமா சாப்பிட்டு, நாயைக் கொஞ்சம் நடக்க விட்டுட்டுக் கிளம்பினாலும் நேரம் இருக்கும். அங்க டென்ட் போட்டுக் குளிர்ல நடுங்குறதுக்கு ஒரு காரணமும் கிடையாது, நாய்க்கும் பகல் முழுக்க புதர்ல ஓடிட்டு வந்து வெதுவெதுப்பான ரூம்ல படுத்தாத்தான் மறுநாள் ஓட முடியும். வெளி ஸ்டேட்காரங்களுக்கு அங்க லைசன்ஸே ரெண்டு 5 நாள் தவணையாத்தான் வருது, அதனால ரூம் புக் பண்றதும் கணக்கா பண்ணிடலாம்.

கான்சஸ்ல வெள்ளைவால் மானுக்குப் போனாலும் மோட்டல்தான். நிலம் பெரும்பாலும் தனியாருது, வாக்-இன் திட்டத்துல அரசாங்கம் குத்தகைக்கு எடுத்து விட்டிருக்கிற நிலத்துல வேட்டையாட நடந்து போகலாமே தவிர டென்ட் அடிக்க முடியாது. வயோமிங்ல ப்ராங்ஹார்ன் அதாவது ஆன்டிலோப்னு சொல்றாங்களே, அது பகல்லயே திறந்த வெளில நிக்கிற மிருகம், தூரத்துல இருந்தே தெரியும், விடியற்காலைக்கு அவ்வளவு அவசரம் இல்ல, டக்ளஸ், ஜில்லெட் மாதிரி ஊர்ல ரூம் போட்டுக்கலாம். ஆனா அதே வயோமிங்ல எல்க் டேக் வச்சுக்கிட்டு வில்டர்னஸ்னு அறிவிச்ச காட்டுக்குள்ள கேம்ப் போடலாம்னு நினைச்சா ஒரு சட்டம் இருக்கு, வெளி ஸ்டேட்காரங்க அங்க பெரிய மிருக வேட்டைக்குப் போக லைசன்ஸ் உள்ள கைடு வேணும், இல்லன்னா அதுக்கான இலவச அனுமதி வாங்கின அந்த ஸ்டேட் ஆள் ஒருத்தர் கூட வரணும். மேப்ல அழகா தெரியுதுன்னு ப்ளான் போட்டுட்டுப் போய் நிக்காதீங்க.

சரி, டென்ட்னு முடிவாயிடுச்சுன்னா எங்க போடுறது. நேஷனல் ஃபாரஸ்ட்லயும், பிஎல்எம்னு சொல்ற மத்திய அரசு நில நிர்வாகத் துறையோட நிலத்துலயும் பெரும்பாலான இடத்துல காசு கட்டாம, புக் பண்ணாம தங்கலாம், பொதுவா 14 நாள் வரைக்கும், சில ஃபாரஸ்ட்ல இது கொஞ்சம் மாறும். ரோட்டுல இருந்து எவ்வளவு தூரம் வண்டியை உள்ள ஓட்டலாம், எந்த ரோடு எந்த மாசம் வரைக்கும் திறந்திருக்கும்ங்கிறது ஃபாரஸ்ட் சர்வீஸ் குடுக்கிற மோட்டார் வண்டி மேப்ல இருக்கும், ஃப்ரீதான், போன்ல டவுன்லோட் பண்ணிட்டுப் போங்க, ஏன்னா அங்க சிக்னல் இருக்காது. எல்க் இருக்கிற மேய்ச்சல் பள்ளத்தாக்குலயே டென்ட்டை அடிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அதைப் பண்ணாதீங்க, விறகுப் புகையும் பேச்சுச் சத்தமும் மிருகத்தை அடுத்த மலைக்குத் தள்ளிடும், ஒரு மேடு தள்ளி, காத்து மிருகத்தை நோக்கிப் போகாத பக்கமா போடுங்க.

குளிரை லேசா எடுத்துக்காதீங்க. கடையில 6 பேர் டென்ட்னு விக்கிறதுல குளிர்கால உடுப்பு, பூட்ஸ், பையோட படுக்க முடியுறது ரெண்டு பேர், நெருக்கினா மூணு பேர். கோடைக்கால டோம் டென்ட் ஒரு ராத்திரி ஈரப்பனி விழுந்தாலே அமுங்கிடும். ஸ்லீப்பிங் பேக் 0 டிகிரி ஃபாரன்ஹீட் போட்டது வாங்குங்க, மடக்குக் கட்டில்ல வெறுமனே படுத்தா அடியில ஓடுற காத்து முதுகுச் சூட்டை உறிஞ்சிடும், கட்டில் மேல ஒரு ஃபோம் பேட் கண்டிப்பா போடணும். ஷூவோட உள் லைனரைக் கழட்டி ஸ்லீப்பிங் பேக் கால்மாட்டுல போட்டுக்கோங்க, காலைல நனைஞ்சு விறைச்சுப் போன ஷூவுல காலை விடுற கொடுமை இருக்காது. ப்ரோப்பேன் ஹீட்டர் வச்சிருந்தா படுக்கும்போது அணைச்சுடணும், டென்ட்ல மேலயும் கீழயும் காத்து வர வழி விடணும், பேட்டரில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு தலைமாட்டுல தொங்கணும். இதுல மட்டும் எந்த சமாதானமும் வேண்டாம், மூடின டென்ட்ல ஹீட்டரைப் போட்டுட்டுத் தூங்கி எழுந்திரிக்காமலே போனவங்க இருக்காங்க. நெருப்பு மூட்டக் கூடாதுன்னு ஃபயர் பேன் போட்டிருந்தா டென்ட்டுக்குள்ள விறகு அடுப்பு எரிக்கவும் தடை இருக்கலாம், அந்தப் பக்கத்து ரேஞ்சர் ஆபீஸ்ல கேட்டுட்டே விறகை ஏத்துங்க.

தண்ணிக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 கேலன் வச்சுக்கோங்க, சமையல் பாத்திரம் கழுவுறது எல்லாம் சேர்த்து. ராத்திரி கேனை வெளிய விட்டா காலைல கட்டியா உறைஞ்சிருக்கும், காலி கூலருக்குள்ள வச்சு மூடினா உறையாது. கொலராடோல இருக்கிறது கருங்கரடி, மொன்டானாவுலயும் வடமேற்கு வயோமிங்லயும் க்ரிஸ்லியும் உண்டு, அங்க சாப்பாட்டை எப்படி வைக்கணும்னு ஃபாரஸ்ட் சர்வீஸ் உத்தரவே இருக்கு, பொதுவா தரையில இருந்து 10 அடி உயரத்துல, மரத்துல இருந்து 4 அடி தள்ளித் தொங்கணும், இல்லன்னா கரடி திறக்க முடியாத பெட்டியில இருக்கணும். பற்பசை கூட இதுல சேர்த்திதான். கறியைப் படுக்கிற இடத்துல இருந்து 100 கஜமாவது தள்ளித் தொங்க விடுங்க. கரடியை விரட்டுற பேர் ஸ்ப்ரே பைக்குள்ள இருந்தா பிரயோஜனமில்ல, இடுப்புல இருக்கணும், படுக்கும்போது கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்.

கறி விஷயம் தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா டென்ட்டா மோட்டலான்னு யோசிக்கும்போது பாதிப் பேர் இதை மறந்துடுறாங்க. ஒரு ஆண் எல்க் 600, 700 பவுண்டு இருக்கும், எலும்பெடுத்த கறியே 150 முதல் 200 பவுண்டுக்கு மேல வரும். மோட்டல் ரூம்ல இருக்கிற குட்டி ஃப்ரிட்ஜ்ல ஒரு தொடைக்குக் கூட இடம் பத்தாது. அக்டோபர் கடைசில மலை மேல ராத்திரி குளிர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போயிடும், கேம் பேக்னு சொல்ற காத்தாடுற கறிப் பையில போட்டு நிழல்ல தொங்க விட்டா கேம்ப்லயே ரெண்டு மூணு நாள் நல்லா நிக்கும். ஆனா செப்டம்பர் வில் வேட்டைன்னா மத்தியானம் வெயில் அடிக்கும், இடுப்பு மூட்டுப் பக்கம் எலும்பை ஒட்டி உள்சூடு தங்கி அங்க இருந்துதான் கறி கெட ஆரம்பிக்கும், அப்போ டவுன்ல இருக்கிற மீட் ப்ராசஸர்கிட்ட சீக்கிரம் கொண்டு போறதுதான் வழி, அந்த நேரத்துல டவுன் மோட்டல் ரொம்ப உதவும். எந்தப் பக்கம் முடிவு பண்ணாலும் 120 குவார்ட் கூலர் ரெண்டு வண்டில இருக்கட்டும், வீட்டுல இருந்து கிளம்பும்போது தண்ணி கேன்களை ஃப்ரீசர்ல உறைய வச்சு அதுக்குள்ள போட்டுட்டா ஐஸும் ஆச்சு, உருகினா குடிக்கத் தண்ணியும் ஆச்சு. வெட்டும்போது ஆணா பெண்ணான்னு காட்டுற உறுப்பு கறியோடவே ஒட்டியிருக்கணும்னு கொலராடோ சட்டம் இருக்கு, அவசரத்துல சீவிப் போட்டுடாதீங்க. மான் இனத்தோட மூளையைத் தாக்குற சிடபிள்யூடி நோய் காரணமா மூளையும் முதுகெலும்பும் உள்ள உடலை ஸ்டேட் தாண்டி எடுத்துட்டுப் போக நிறைய ஸ்டேட்ல தடை, நீங்க தாண்டிப் போற ஸ்டேட்டோட விதியும் சேர்த்துப் பாருங்க, எலும்பெடுத்த கறியும் சுத்தம் பண்ண மண்டையோடும்னா எங்கயும் பிரச்சனை வராது.

மோட்டல்னா டேக் குலுக்கல் ரிசல்ட் வந்த அன்னிக்கே புக் பண்ணுங்க, ஓப்பனிங் வாரத்துக்கு சின்ன ஊர்ல ரூமே மிஞ்சாது. ஆன்லைன்ல பண்றதை விட நேரா போன் அடிக்கிறது நல்லது, இந்த ஊர்கள்ல சின்ன மோட்டல் நிறைய குஜராத்திக் குடும்பங்க நடத்துறது, அவங்களே அங்க குடியிருப்பாங்க, கேட்டா தெளிவா பதில் வரும். கேக்க வேண்டியதெல்லாம், கடைசியா எந்தத் தேதி வரைக்கும் கேன்சல் பண்ணலாம், கீழ்த்தள ரூம் கிடைக்குமா, வண்டியைக் கதவுக்கு முன்னாடியே நிறுத்தலாமா, கறி வைக்க ஃப்ரீசர் இருக்கா, பறவை சுத்தம் பண்ண தனி இடம் இருக்கா, நாய் வரலாமா, துப்பாக்கி ரூமுக்குள்ள கொண்டு வரலாமா. காலைச் சாப்பாடு ஃப்ரீன்னு போட்டிருக்கிறதை நம்பிப் போகாதீங்க, அது திறக்கிறதே ஆறு மணிக்கு, நீங்க அப்போ மலையில இருப்பீங்க. ஒரு சின்ன எலக்ட்ரிக் கெட்டிலும் ஓட்ஸும் கையில இருக்கட்டும். அப்புறம் ரூம் டவலால துப்பாக்கியைத் துடைக்கிறது, பாத்டப்ல கத்தி கழுவுறது இதெல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம், அடுத்த வருஷம் வர்ற வேட்டைக்காரங்களுக்கு ரூம் இல்லன்னு சொல்ல வச்சுடும், பழைய துணி ஒரு மூட்டை கொண்டு போங்க.

துப்பாக்கியை ராத்திரி பார்க்கிங்ல வண்டிக்குள்ள விடாதீங்க, குண்டு எடுத்துட்டு கேஸ்ல பூட்டி ரூமுக்குள்ள கொண்டு போயிடணும். தூரத்துல இருந்து ஓட்டிட்டு வர்றவங்க வழியில எங்க ராத்திரி தங்குறோம்னும் யோசிங்க, 1986 ஃபெடரல் சட்டப்படி குண்டில்லாம, பூட்டி, கைக்கு எட்டாம வச்சிருந்தா ஸ்டேட் தாண்டிப் போகலாம்தான், ஆனா நியூயார்க், நியூஜெர்சி மாதிரி சட்டம் கடுமையான இடத்துல ரூம் போடாம தாண்டிடுறது உத்தமம். நம்மாளுங்க நிறைய பேர் எச்1பில இருக்கீங்க, நான்-இமிக்ரன்ட் விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கி வச்சிருக்கவே ஃபெடரல் சட்டம் பொதுவா தடை போடுது, செல்லுபடியாகிற ஹன்ட்டிங் லைசன்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு, அதனால அந்தக் காகிதம் எப்பவும் உங்க கூடவே இருக்கணும், சந்தேகம் இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே வக்கீல்கிட்ட கேட்டுடுங்க.

எல்க் மாதிரி நீளமான வேட்டைக்கு என்னைக் கேட்டா ரெண்டையும் கலக்கிறதுதான் சரி. கடல்மட்டத்துல இருந்து வர்றவங்க முதல் ராத்திரியே 9,000, 10,000 அடில போய்ப் படுத்தா தலைவலி, வாந்தி, தூக்கமில்லாமைன்னு முதல் நாளே வீணாப் போகும், அதனால முதல் ராத்திரி மோட்டல், டென்வர் 5,280 அடி, க்ரெய்க், மீக்கர் ரெண்டும் 6,200 அடி சுமார், உடம்பு பழக நல்ல படி. அப்புறம் மேல கேம்ப். நாலாவது நாள் வாக்குல ஒரு ராத்திரி டவுனுக்கு இறங்கி, வெந்நீர்ல குளிச்சு, துணி துவைச்சு, ஷூவைக் காய வச்சு, வானிலை பார்த்து, ஐஸ் வாங்கிட்டு மறுநாள் மேல போங்க, அந்த ஒரு ராத்திரிக்குக் குடுக்கிற காசு வீண் இல்ல, கடைசி ரெண்டு நாளும் கால் ஓடும். டென்ட் சாமானே இல்லாதவங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு, மொன்டானா மாதிரி ஸ்டேட்ல ஃபாரஸ்ட் சர்வீஸ் கேபின் வாடகைக்கு விடுறாங்க, ரெக்ரியேஷன் டாட் கவ்ல புக் பண்ணலாம், சுவர், கூரை, பல கேபின்ல விறகு அடுப்பும் இருக்கும், வேட்டை சீசன்ல சீக்கிரம் தீர்ந்துடும்.

கிளம்புறதுக்கு முந்தின வாரம் ரேஞ்சர் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு ரோடு எப்படி இருக்குன்னு கேளுங்க. பனியை விட மோசம் சேறு, கிழக்கு மொன்டானாவுல கம்போன்னு சொல்ற களிமண் நனைஞ்சா நாலு வீல் ட்ரைவும் நகராது, டயரைச் சுத்திக் கட்டி மட்கார்டை அடைச்சுடும், மழை வர்றதுக்குள்ள இறங்கினா உண்டு, இல்லன்னா காயுற வரைக்கும் உள்ளயேதான். அதனால அந்தப் பக்கம் கேம்ப் போடுறவங்க தார் ரோட்டுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட போடுங்க, ரெண்டு நாள் சாப்பாடும் தண்ணியும் உபரியா வைங்க, நாலு டயருக்கும் செயின், மண்வெட்டி, ஒரு சாட்டிலைட் மெசஞ்சர் வண்டில இருக்கட்டும், எந்த நாள் எத்தனை மணிக்குள்ள மெசேஜ் வரலன்னா யாருக்குக் கூப்பிடணும்னு வீட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போங்க.